ஜீரோ கவுண்ட் ரிப்போர்ட்டும் "யார் வழியில வந்துச்சு?" என்ற கேள்வியும்

மரபணு ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "இது யார் வழியில வந்துச்சு டாக்டர்?" என்பதைத்தான். என்ன கோளாறு, என்ன செய்யலாம் என்பதெல்லாம் அப்புறம்.

போன வருடம் ஒரு தம்பதி (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) கணவரின் அம்மாவோடு வந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. ஒரு கட்டைப்பை நிறைய ஃபைல். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் மருமகளுடையது: ஸ்கேன், குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, இரண்டு தடவை லேப்ராஸ்கோபி, தைராய்டு, ஊசிச் சீட்டுகள். மகனுக்கு ஒரே ஒரு தாள், அதுவும் ஆறு மாதத்துக்கு முன் எடுத்தது. விந்துப் பரிசோதனை, எண்ணிக்கை ஜீரோ. சில நூறு ரூபாயில் ஒரே நாளில் முடிகிற டெஸ்ட்டை ஆறரை வருடம் யாருமே எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் வயிற்றில் இரண்டு முறை துளை போட்ட பிறகும்கூட.

"எம்புள்ள ஆறடி இருக்கான், அவனுக்கென்ன குறை" என்றார் அம்மா. எனக்கு அந்த ஆறடியே சந்தேகத்தைக் கிளப்பியது. நீளமான கால்கள், தாடி கொஞ்சம் குறைச்சல், ரத்தத்தில் விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ரொம்பக் கூடுதல்.

பச்சை மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்து, 37 டிகிரியில் மூன்று நாள் செல்களை வளர்த்து, அவை பிரிகிற நேரத்தில் மருந்து போட்டு நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டவிட்டுச் சாயம் ஏற்றினால் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் வரிவரியாகத் தெரியும். இப்போது கம்ப்யூட்டர் ஜோடி சேர்த்துத் தந்துவிடுகிறது, ஆனாலும் நான் ஒரு தடவை என் கண்ணால் எண்ணாமல் கையெழுத்துப் போடமாட்டேன். 46 இருக்க வேண்டிய இடத்தில் 47. ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய்தான் இருக்க வேண்டும்; இவருக்குக் கூடுதலாக ஒரு எக்ஸ். இருபது செல்லிலும் அதே கதை.

இதற்கு கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் என்று பெயர். அமெரிக்க மருத்துவர் ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942-ல் அறிகுறிகளை எழுதினார். காரணம் ஒரு கூடுதல் எக்ஸ் என்பது 1959-ல்தான் தெரிந்தது. சுமார் 600 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும், பெரும்பாலோருக்குக் கடைசி வரை தெரியாது. தாம்பத்தியத்தில் பிரச்சினை இல்லாமலே இருக்கலாம், அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. அப்படியானால் யார் வழி? யார் வழியும் இல்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது பிரிய வேண்டிய குரோமோசோம்கள் பிரியாமல் போன தற்செயல், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அந்த அம்மா நிம்மதியானாரா ஏமாந்தாரா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எல்லா ஜீரோவும் இப்படித் தற்செயலில் முடிவதில்லை. ஆண் மட்டுமே சுமக்கும் ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கென்று மூன்று பகுதிகள் இருக்கின்றன: ஏஇசட்எஃப் ஏ, பி, சி. ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வகமான சிசிஎம்பியில் மரபியலாளர் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் பல வருடங்களாக இந்திய ஆண்களிடம் இதைத்தான் ஆராய்ந்து வருகிறார்கள். 2003-ல் வெளியான அவர்கள் ஆய்வில் விந்தணுவே இல்லாத 340 பேரைப் பார்த்ததில் 29 பேருக்கு ஒய்யில் துண்டு விடுபட்டிருந்தது. இதில் எந்தத் துண்டு என்பதுதான் முக்கியம். ஏ அல்லது பி முழுதாகப் போயிருந்தால் விரையில் அறுவை சிகிச்சை செய்து தேடினாலும் விந்தணு கிடைக்காது, அந்தச் செலவும் வலியும் வீண். சி மட்டும் என்றால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் குழந்தையும் பெறலாம், ஆனால் மகன் பிறந்தால் அப்பாவின் அதே ஒய்தான் அவனுக்கும். இருபத்தைந்து வருடம் கழித்து அவன் வேறொரு டாக்டர் முன்னால் இதே தாளோடு உட்காருவான். இதைத் தம்பதியிடம் முன்கூட்டியே சொல்லாமல் நேராக இக்ஸிக்குத் தேதி குறிக்கிற இடங்கள் இருக்கின்றன. எனக்கு அதில் கடும் கோபம் உண்டு.

அப்புறம் அம்மா வழி. அதே சிசிஎம்பி குழு, எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் டெக்ஸ்13பி என்ற மரபணுவின் மாற்றங்களையும் ஆண் மலட்டுத்தன்மையோடு தொடர்புபடுத்தியிருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அந்த அம்மாவிடம் இன்னொரு எக்ஸ் இருப்பதால் அவருக்கு எதுவும் தெரியாது, பிள்ளையும் பெற்றிருப்பார். மருமகளைக் குறை சொல்லும் மாமியார்களிடம் இதைச் சொல்லலாமா என்று சில சமயம் நாக்கு துடிக்கும். சொல்வதில்லை.

இன்னொன்று, விந்துக்குழாயே பிறவியில் உருவாகாத ஆண்கள். உற்பத்தி சரியாக நடக்கும், வெளியே வர வழியிருக்காது. இதில் பலருக்கு சிஎஃப்டிஆர் மரபணுவில் மாற்றம் இருக்கும். அப்போது மனைவியின் ரத்தத்தையும் அதே மரபணுவுக்குச் சோதிக்க வேண்டும். இருவரிடமும் மாற்றம் இருந்தால் குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற கடுமையான நுரையீரல், கணைய நோய் வரலாம். அப்படி வரக்கூடிய குடும்பம் என்று வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

ஒரு தடவை ஜீரோ வந்தால் அதையே முடிவாக எடுக்க வேண்டாம். இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு, நல்ல லேபில் மறுபடி கொடுங்கள். இரண்டாவதும் ஜீரோ என்றால் ஹார்மோன், குரோமோசோம், ஒய் துண்டிப்பு சோதனைகள், அதன் பிறகு சிகிச்சைப் பேச்சு. நடுவில் ஜிம்மிலோ, "ஆண்மைக் குறைவா?" என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்திலோ டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பெயர்தான் ஆண் ஹார்மோன். வெளியிலிருந்து போட்டால் விரைக்குப் போகும் சிக்னல் நின்று, நன்றாக இருந்த கவுண்ட்டும் ஜீரோவாகும். நிறுத்தியபின் திரும்ப மாதக்கணக்காகும்.

அந்தத் தம்பதிக்கு மைக்ரோஸ்கோப் வைத்து விரையில் தேடும் அறுவை சிகிச்சை நடந்தது. கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விந்தணு கிடைக்கும், இவருக்குக் கிடைக்கவில்லை. தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கிளைன்ஃபெல்டரில் சர்க்கரை நோயும் எலும்புத் தேய்மானமும் சீக்கிரம் வரலாம் என்பதால், அவர் இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்க வருகிறார். போன தடவை வந்தபோது கையில் அவர் பெயர் எழுதிய தனி ஃபைல் இருந்தது.