பிரேக் மாத்த 14,200 ரூபா நியாயமா? முந்திரி ஓட்டைக் கேட்டுப் பாக்கலாம்

குன்னூர்ல இருந்து ஒரு அக்கா போன வாரம் போன் பண்ணாங்க. பொண்ணு கோயம்புத்தூர்ல வேலை பாக்குது, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவையாவது கார எடுத்துட்டு மலை இறங்கிடுவாங்க. "தம்பி, பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங் கிடுகிடுன்னு ஆடுது, மெக்கானிக்கிட்ட காட்டினேன், 14,200 ஆகும்னு எழுதிக் கொடுத்துட்டாரு, இது நியாயமான ரேட்டா இல்ல பொம்பள ஆள்னு சொல்லிட்டு கூட போடறாரா, நீதான் பிசிக்ஸ் வாத்தியாராச்சே பாத்துச் சொல்லு"ன்னாங்க. சீட்டை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். முன் பேட் 2,400, டிஸ்க் ரெண்டும் 5,600, பின்னாடி ஷூ 1,900, காலிப்பர் பின் கிட் 700, பிரேக் ஆயில் 600, லேபர் 3,000. (சக்கரத்தோட சேந்து சுத்தற இரும்புத் தட்டுதான் டிஸ்க், அத ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கறது பேட், பேட்ட அழுத்தற கவ்வி காலிப்பர், அந்தக் கவ்வி நகர்ற கம்பி பின், பின் சக்கரத்து டிரம்முக்குள்ள உரசறது ஷூ.)

நான் சொன்ன முதல் பதில், ரூபாய அப்புறம் பாப்போம், மொதல்ல மில்லிமீட்டரப் பாப்போம்னு. இந்தச் சீட்டுல பெரிய தொகை டிஸ்க்குதான், அது மாத்தவேண்டிய டிஸ்க்கா இல்லையான்னு தெரியாம 5,600 அதிகமா கம்மியான்னு பேசி என்ன பிரயோஜனம்?

அடிப்படை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வேகமா சொல்லிடறேன். பிரேக் வண்டிய நிறுத்தறதில்ல, வண்டியோட ஆற்றல வெப்பமா மாத்துது, அவ்வளவுதான் அதோட வேலை. ஆளுங்களோட 1,200 கிலோ இருக்கற ஒரு கார் குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்குது. எடை, ஈர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா 17 மெகாஜூலுக்கு மேல வரும். 50 லிட்டர் பச்சத் தண்ணிய கொதிக்க வைக்கற அளவு சூடு அது. சமதளத்துல 60 கிலோமீட்டர் வேகத்துல இருந்து ஒரு தடவை முழுசா நிறுத்தறதோட ஒப்பிட்டா, நூறு தடவைக்கு மேல நிறுத்தினதுக்குச் சமம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்ள. ரெண்டாவது கியர்ல வந்தா இதுல பெரும்பங்க இன்ஜினே வாங்கிக்கும், ரோட்டோரமா போர்டு வச்சு சொல்றது அதுக்குத்தான். நம்ம மலை ரயிலப் பாருங்க, கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவுல 12 அடிக்கு 1 அடி சரிவு, தண்டவாளத்துக்கு நடுவுல பல்சக்கரப் பாதை, போதாததுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் பிடிக்க ஒரு ஆள் நிக்கறாரு. இந்த மலையில இறங்கறது அவ்வளவு பெரிய விஷயம்.

சரி, இனி எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வரேன். அந்தச் சூட்டை வாங்கறதுக்கு பேட்ல என்ன இருக்குன்னு நெனைக்கறீங்க? இரும்பு நார், கிராஃபைட், பேரைட்னு ஒரு கல்லுப் பொடி, எல்லாத்தையும் ஒட்டிப் பிடிக்கற ஃபீனாலிக் ரெசின், இது பேக்லைட் குடும்பம், பழைய கருப்பு ஸ்விட்ச் எல்லாம் செஞ்சது அதுலதான். இதுங்களோட கூட முந்திரி. நெசமாத்தான் சொல்றேன், நாம திங்கற பருப்பு இல்ல, அதச் சுத்தி இருக்கற ஓடு. முந்திரிக்கொட்டை ஓட்டுக்குள்ள தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறை, அதுல கருஞ்சிவப்பா ஒரு எண்ணெய் இருக்கும், பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கற பொம்பளைங்க கையெல்லாம் புண்ணாகறதே அதாலதான். அந்த எண்ணெயச் சூடு பண்ணினா கார்டனால்னு ஒண்ணு கிடைக்கும். அதோட மூலக்கூறுல ஒரு பக்கம் ஃபீனால் வளையம், இன்னொரு பக்கம் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். வளையம் ரெசினோட நல்லா கைகோத்துக்கும், ஆனா அந்த நீள வால் ரப்பர் மாதிரி வளைஞ்சு கொடுக்கும். இத ஃபார்மால்டிஹைடு போட்டு கெட்டியாக்கி, பொடியா அரச்சு பேட்ல கலந்துடறாங்க. வெறும் ரெசின் மட்டும் இருந்தா கண்ணாடி மாதிரி மொறுமொறுன்னு உடையும், கீச்சுனு கத்தும், இந்தப் பொடி இருக்கறதால அதிர்வ உள்வாங்கிக்குது. கொட்டை உடைச்ச பிறகு மிஞ்சற ஓடு, நாலு பேரோட உயிரப் பிடிச்சு நிறுத்தற பொருளா வந்து நிக்குது. பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு கார்பன் பாடம் எடுக்கும்போது இத சொல்லாம நான் விடறதே இல்ல.

இன்னும் அழகு என்னன்னா இந்தப் பொடி சூட்டுல என்ன பண்ணுதுங்கறதுதான். பிரேக் பிடிக்கறதுன்னா பேட் டிஸ்க்கச் சொரண்டுதுன்னு எல்லாரும் நெனைக்கறோம், ஆறின வண்டியில ஓரளவு அதுதான் நடக்குது. ஆனா சூடு ஏறினதும் கதை மாறிடும். பேட் மேல்பரப்பு லேசா இளகி டிஸ்க் மேல ஒரு பூச்சு பூசிவிடும், சில மைக்ரான் கனம்தான், உங்க தலைமுடில பத்துல ஒரு பங்குகூட இருக்காது, தோசைக்கல்ல எண்ணெய் தேச்சு தேச்சுப் பழக்கினா ஒரு கருப்புப் படலம் நிக்குமே, அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. அதுக்கப்புறம் உரசறது பேட்டும் இரும்பும் இல்ல, பேட்டும் பேட்டோட பூச்சும். ரெண்டும் ஒரே பொருள், ஒட்டும், பிய்யும், திரும்ப ஒட்டும், ஒவ்வொரு ஒட்டு பிய்யறப்பவும் கொஞ்சம் வெப்பம். ஒரே மாதிரி, உதறல் இல்லாம பிடிக்கற பிரேக்னா அந்தப் பூச்சு டிஸ்க் முழுக்க சமமா இருக்குன்னு அர்த்தம். புது பேட் போட்டதும் "செட் ஆகணும்"னு மெக்கானிக் சொல்றாரே, அது இந்தப் பூச்சு ஏறறதத்தான்.

பூச்சு சமமா இல்லன்னா? அக்காவோட ஸ்டீயரிங் ஆட்டம் அங்கதான் ஆரம்பிக்குது. நான் கேட்டேன், "அக்கா, இறங்கறப்ப எங்கயாச்சும் நிறுத்துவீங்களா?" "பர்லியார்ல பழம் வாங்க நிறுத்துவேன், பேத்திக்கு மங்குஸ்தான்னா உசிரு." "நிறுத்தினா பிரேக்க மிதிச்சபடியே இருப்பீங்களா?" "ஆமா தம்பி, சரிவுல்ல, உருண்டுட்டா? கடைக்காரரு ஜன்னல்கிட்டயே கொண்டாந்து குடுத்துடுவாரு." அவ்வளவுதான், விஷயம் புரிஞ்சுபோச்சு. கொண்டைஊசி கொண்டைஊசியா மிதிச்சு இறங்கி, பேட் தணலா இருக்கறப்ப, அத ஒரே இடத்துல டிஸ்க்கோட அழுத்தி வச்சா முத்திரை குத்தின மாதிரி அங்க மட்டும் பூச்சு தடிச்சுப் போகும். ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ரெண்டு பங்கு தடிச்சாப் போதும், சக்கரம் சுத்தற ஒவ்வொரு சுத்துக்கும் பேட் அந்த மேட்டுல ஏறி இறங்கும், அது ஸ்டீயரிங்ல வந்து உதறும். "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு"ன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றதுல நெறைய கேஸ் இதுதான். டிஸ்க் வளையவே இல்ல, மேல ஒட்டினதுதான் மேடு பள்ளமா இருக்கு.

அதனால சுலபமான வழியெல்லாம் பாக்காம டிஸ்க்க மாத்தச் சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். டிஸ்க் ஓரத்துலயோ நடுப்பக்கமோ குறைஞ்சபட்ச கனம் எத்தன மில்லிமீட்டர்னு அச்சடிச்சிருக்கும், அதுக்குக் கீழ போயிருந்தா பேச்சே இல்ல, மாத்தித்தான் ஆகணும். தேய்ஞ்ச டிஸ்க்ல வெளி விளிம்பு வரப்பு மாதிரி நின்னுடும், கனம் அளக்கற வெர்னியர் அந்த வரப்புல உக்காந்துட்டா கனம் கூடத்தான் காட்டும், அத விட்டு உள்ள தள்ளி அளக்கச் சொல்லணும். விரிசல் இருந்தாலும் மாத்தணும். ரொம்ப சூடாகி நீலம் பாஞ்சு கருப்புப் புள்ளி விழுந்திருந்தா அங்க இரும்போட அமைப்பே மாறி கெட்டிப்பட்டிருக்கும், தேச்சாலும் திரும்ப திரும்ப உதறும், அப்ப மெக்கானிக் சொல்றதுதான் சரி. இதுல எதுவுமே இல்லன்னா உப்புத்தாள் போட்டுத் தேச்சோ லேத்துல லேசா பிடிச்சோ பூச்ச எடுத்துட்டு புதுசா ஏத்திக்கலாம். இன்னொண்ணு, கொதிக்கற சக்கரத்து மேல பாட்டில் பாட்டிலா தண்ணி ஊத்தறாங்களே டூரிஸ்ட்டுங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, நல்லா இருக்கற டிஸ்க்குல விரிசல் விட அதுவே போதும்.

பேட்ட பொறுத்தவரைக்கும் பழசு நாலையும் கழட்டி கையில குடுக்கச் சொல்லுங்க. புதுசுல சுமார் 10 மில்லிமீட்டர் மசாலா, அதாவது தகட்டு மேல ஒட்டின உரசற பகுதி, இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மலையில ஓட்டறவங்க மாத்திடறது நல்லது. உள்பக்கப் பேட் சுத்தமா தேஞ்சு வெளிப்பக்கம் பாதி நின்னா காலிப்பர் பின் ஜாம் ஆயிருக்குன்னு அர்த்தம், அதச் சரி பண்ணாம புது பேட் போட்டா அதுவும் அப்படியேதான் தேயும். புது பேட் வாங்கறப்ப பின்பக்கமோ ஓரமோ ரெண்டு எழுத்து அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, எஃப்எஃப், ஜிஜி, எஃப்இ இப்படி. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுல உராய்வு எவ்வளவு, ரெண்டாவது நல்லா கொதிச்சப்ப எவ்வளவுன்னு. 'எஃப்'னா 0.35ல இருந்து 0.45, 'ஜி'ன்னா 0.45ல இருந்து 0.55, 'இ'ன்னா 0.25ல இருந்து 0.35. அப்ப எஃப்இ போட்ட பேட் சூட்டுல பிடி விடும், நம்ம ரோட்டுக்கு ரெண்டாவது எழுத்து இறங்காததா வாங்கறதுதான் புத்தி.

பிரேக் ஆயில்ல 600 ரூபா கேட்டா பேரம் பேசாதீங்க. அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கற திரவம், ரெண்டு பருவமழையும் பனிமூட்டமும் இருக்கற ஊர்ல கேக்கணுமா? டாட் 3ங்கற தர ஆயில் புதுசுல 205 டிகிரியாவது கொதிக்காம தாங்கணும், ஈரம் ஏறினதுல 140 வரைக்கும் போதும்னுதான் தர அளவே இருக்கு, டாட் 4ல அது 230, 155. இறக்கத்துல அந்தச் சூட்டத் தொட்டா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி வரும், திரவத்த அழுத்த முடியாது ஆனா ஆவிய அழுத்தலாம், மிதி அப்படியே தரைக்குப் போயிடும், வண்டி நிக்காது. மலை இறங்கறதுக்கு முன்னாடி நிறுத்தி சூடம் ஏத்தி எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டுப் போறவங்க நம்ம ஊர்ல நெறைய பேர், எங்க அப்பாவும் அப்படித்தான், அந்த நம்பிக்கையில நான் கை வைக்கல. ஆனா அதே ஆளுங்க நாலஞ்சு வருசமா பிரேக் ஆயில் மாத்தாம இருக்கறதப் பாக்கறப்ப வயிறு எரியுது. சாமி கும்பிடுங்க, ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை ஆயிலும் மாத்துங்க. ஆயில்ல ஈரம் எவ்வளவுன்னு காட்டற பேனா மாதிரி ஒரு சின்னக் கருவி இருக்கு, பெரிய விலையே இல்ல, மலை மாவட்டத்துல எஃப்சி காட்ட வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் அத வச்சுப் பாக்கணும்னு அரசாங்கம் உத்தரவு போடணும். முந்திரி ஓட்டு ஆராய்ச்சிக்கும் நம்ம காலேஜுங்களுக்கு இன்னும் காசு கொடுக்கணும், மூலப்பொருள் நம்ம மண்ணுல விளையுது, சோதிச்சுப் பாக்க மலையும் பக்கத்துலயே இருக்கு.

இப்ப ரூபாய்க்கு வரலாம். பொட்டியில போட்ட எம்ஆர்பிலயே எல்லா வரியும் அடக்கம், அதுக்கு மேல பொருளுக்கு ஜிஎஸ்டி தனியா போட்டா ஒத்துக்காதீங்க. பொட்டிய கேட்டு வாங்கி விலையப் பாருங்க. கோயம்புத்தூர்ல இருந்து பார்சல்ல வரவழைக்கறாங்கன்னா அந்தச் செலவக் கேக்கறது நியாயம்தான், ஆனா பார்சல்னு தனியா எழுதணும், பேட் விலைக்குள்ள ஒளிச்சு வைக்கக் கூடாது. லேபர பொறுத்தவரைக்கும் எதக் கழட்டறாங்களோ அதுக்குத்தான் கூலி, பேட் மாத்தறதுக்கும் டிஸ்க்கும் சேத்து கழட்டறதுக்கும் ஒரே தொகை இருக்க முடியாது.

அக்கா மறுநாள் ஒர்க்‌ஷாப் போய் அளக்கச் சொன்னாங்க. மெக்கானிக் முகம் சுளிக்கல, வெர்னியரயும் அவங்க கையிலயே குடுத்துட்டாரு. டிஸ்க்ல குறைஞ்சபட்சம் 15னு இருந்துச்சு, அளந்தா 16.2, விரிசலும் இல்ல, நீலமும் இல்ல. பின் ஷூல 3 மில்லிமீட்டர் பாக்கி, முன் பேட்டுக்குச் சொன்ன கணக்கு ஷூவுக்கு இல்ல, இது இன்னும் நல்லா ஓடும். ஆனா இடது பக்க காலிப்பர் பின் ஜாம் ஆனது உண்மை, உள் பேட் தகடு தெரியற அளவுக்குத் தேஞ்சிருந்துச்சு, அதக் கண்டுபிடிச்சவரு அவருதான். கடைசியில பேட் எம்ஆர்பிப்படி 1,950, பின் கிட் 700, ஆயில் 600, டிஸ்க் தேச்சதும் சேத்து லேபர் 1,800, பார்சல் 150, மொத்தம் 5,200. அக்கா பேரம் பேசாம கொடுத்துட்டு வந்தாங்க.

ஞாயித்துக்கிழமை விடிய வண்டி நடமாட்டம் இல்லாதப்ப வெலிங்டன் பக்கம் கூட்டிட்டுப் போய் பேட் செட் பண்ணினோம். 50 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 20க்கு மெதுவா மிதிச்சு இறக்கணும், முழுசா நிறுத்தக்கூடாது, கொஞ்ச தூரம் காத்து பட விட்டுத் திரும்ப, இப்படி பத்து தடவை. ஏழாவது தடவையில லேசா முந்திரி வறுக்கற வாசனை வந்துச்சுன்னு அக்கா சொன்னாங்க. வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சுப் பாத்தோம், டிஸ்க் மேல சாம்பல் நிறத்துல ஒரே சீரா ஒரு படலம்.