கம்மஞ்சோற்றுக்காக ஏன் தினமும் உலக்கை பிடித்தார்கள்?

“நூறு வருஷத்துக்கு முன்னால் தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மருமகளாகப் போயிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேனா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நல்ல காற்று கிடைத்திருக்கும், கலப்படமில்லாத சோறும் கிடைத்திருக்கும். ஆனால் அந்தச் சோற்றை உலை வரைக்கும் கொண்டுவருவது அவர் வேலையாக இருந்திருக்கும்.

மானாவாரிக் காட்டில் விளைந்த கம்பும் சோளமும்தான் அன்றாடச் சாப்பாடு, நெல்லுச்சோறு நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு மட்டும். கம்பைக் குத்துவதில் பக்குவமெல்லாம் தண்ணீரில் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு அரை டம்ளர் தெளித்துப் பிசறி, கால் மணி நேரம் விட வேண்டும். மேல்தோல் ஈரத்தை முதலில் இழுத்து, நொறுங்காமல் இழுவையாகிவிடும். உள்ளே இருக்கும் மாவுப் பகுதிக்கு ஈரம் போய்ச்சேர நேரமாகும் என்பதால் அது கெட்டியாகவே நிற்கும். இப்போது உலக்கை விழுந்தால் மணிகள் ஒன்றோடொன்று உரசி, தோல் செதில் செதிலாகக் கழன்று வரும். தண்ணீர் குறைந்தால் தோல் பொடியாகி மாவோடு கலந்துவிடும், முறத்தில் எத்தனை புடைத்தாலும் பிரியாது. கூடினால் எல்லாம் உரலில் அப்பிக்கொள்ளும். புடைத்து எடுத்ததை மறுபடி குத்தி மாவும் குருணையுமாகப் பிரித்து, குருணையை முதலில் வேகவிட்டு, பிறகு மாவைக் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும்.

ஒரே நாளில் வாரத்துக்கும் சேர்த்துக் குத்தி வைத்திருக்கலாமே? முடியாது. கம்பில் கிட்டத்தட்ட 5 சதவீதம் கொழுப்பு, அதுவும் பெரும்பாலும் முளைக்கருவில். முழு மணியாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பும், அதை உடைக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் தொடாமல் தனித்தனியாக இருக்கும். குத்தியதும் இரண்டும் கலக்கும். லைப்பேஸ் கொழுப்பு மூலக்கூறிலிருந்து கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாக வெட்டிவிட, அவை காற்றுபட்டுக் கசந்து, சிக்கு வாடை அடிக்கும். அந்த வெட்டுக்குத் தேவையான பொருள் தண்ணீர்! தோலைக் கழற்ற எந்தத் தண்ணீரைத் தெளித்தார்களோ, அதுவே மாவை வேகமாகக் கெடுத்தது. கம்பு மாதக்கணக்கில் குதிரில் கிடக்கும், மாவு கிடக்காது. அதனால்தான் தினமும் உலக்கை.

உலக்கை பிடித்ததால் சுகப்பிரசவம் ஆனது என்று பகிர்கிறார்கள். பிரசவத்தில் செத்துப்போன பெண்களைக் கணக்கில் சேர்க்காத பேச்சு அது. கை கழுவும் வழக்கமும் ஆன்டிபயாடிக்கும் ரத்தம் ஏற்றும் வசதியும்தான் இன்று தாய்மார்களைக் காப்பாற்றுகின்றன. வாசகிக்கு என் பதில்: சந்தோஷமாக இருந்திருக்க மாட்டீர்கள்.

கம்மஞ்சோறு வேண்டுமென்றால் இன்று வழி இருக்கிறது. நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் கம்பைத் துணியில் கட்டி அரை நிமிஷத்துக்கு மிகாமல் முக்கி எடுத்து, மொறுமொறுவென்று காயவைத்து அரைத்தால், லைப்பேஸ் செயலிழந்து மாவு மூன்று வாரம் போலத் தாங்கும். நேரம் கூடினால் மாவுச்சத்து வெந்து மணிகள் ஒட்டிக்கொள்ளும். 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஊர் மாவு மில்லில் வைக்கிற அளவுக்கு, இந்த வெந்நீர் வேலையைச் செய்யும் ஒரு சின்ன எந்திரத்துக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை வீட்டில் ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் முக்காதீர்கள். தண்ணீரின் சூடு இறங்கிவிட்டால் நொதி பிழைத்துக்கொள்ளும்.