விடியற்காலையில் ஏன் கால் மடங்குகிறது?

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஏழு வருடம் ஆகிறது. கை நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார். விடியற்காலையில் இடது பாதம் உள்பக்கமாகத் திருகி, விரல்கள் மடங்கி, வலியில் துடிக்கிறார். காலை மாத்திரை போட்டால் சிறிது நேரத்தில் அடங்குகிறது. குரக்குவலி என்று எண்ணெய் தேய்க்கிறோம். செய்வினை என்கிறார்கள் பக்கத்து வீட்டில்."

செய்வினை இல்லை, அம்மா. மாத்திரைக்கு அடங்குகிறது என்று நீங்கள் எழுதிய வரியிலேயே விடை இருக்கிறது.

உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவதால் வருவது இந்த நோய். லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. ஆனால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அப்படியிருக்க, ஆரம்பத்தில் மூன்று வேளை மாத்திரை எப்படி நாள் முழுவதும் தாங்கியது?

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கால்வாயை அடைத்த பிறகும் குளத்தில் தேங்கிய தண்ணீர் மடை வழியே வயலுக்குப் பாயும். எஞ்சியிருக்கும் நரம்புச் செல்கள்தான் அந்தக் குளம். வந்த மருந்தை டோபமைனாக்கிச் சேர்த்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகின்றன. வருடங்கள் போகப்போகச் செல்கள் குறைந்து குளம் தூர்ந்துவிடுகிறது. பிறகு கால்வாய் நின்றால் வயல் அன்றே காய்கிறது. இரவு போட்ட மாத்திரை விடிவதற்குள் தீர்ந்துபோகிறது.

பாதத்தை மடக்கும் தசை இறுகும்போது நீட்டும் தசை தளர வேண்டும். டோபமைன் வற்றினால் இந்த ஒழுங்கு குலைந்து இரண்டும் ஒன்றாக இறுகுகின்றன. கெண்டைக்கால் கல்லாகிறது, விரல்கள் சுருள்கின்றன. வலியின் வேகத்தை மூளை தணிப்பதிலும் டோபமைனுக்குப் பங்கு உண்டு. அதனால் இறுக்கம் கூடும் அதே நேரத்தில் தாங்கும் சக்தியும் குறைகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த வலி அல்ல. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதிய கட்டுரையிலேயே கைகளில் வாதவலி போன்ற வேதனையைக் குறித்திருக்கிறார். இருந்தும் நடுக்கத்தைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு வலியைப் பற்றி இன்றும் நாம் கேட்பதில்லை. வயதானால் வலிக்கத்தான் செய்யும் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. திருநீறு பூசுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் கயிறு கட்டிவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். இரவு மாத்திரை எத்தனை மணிக்கு, கால் மடங்கியது எத்தனை மணிக்கு, காலை மாத்திரைக்குப் பின் எவ்வளவு நேரத்தில் விட்டது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்கும்முன் மெதுவாகக் கரையும் மாத்திரை கொடுக்கலாமா, பாதத்தில் இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி தேவையா என்பதை அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.