பந்து உச்சிக்குப் போனதும் முடுக்கம் பூஜ்ஜியமா?

நேராக மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வைத்திருந்தேன். இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரு மாணவி ‘பூஜ்ஜியம்’ என்று எழுதியிருந்தாள். இரண்டு கேள்வி தள்ளி, அதே பந்து எவ்வளவு உயரம் போகும் என்றொரு கணக்கு. அதில் முடுக்கத்துக்குக் கழித்தல் 10 என்று போட்டு, உயரத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, கீழே கோடும் போட்டிருந்தாள். இரண்டு விடையும் ஒரே தாளில். ஒன்றை ஒன்று மறுக்கிறது என்பது அவள் கண்ணில் படவே இல்லை.

இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இது பழகிப்போன விடை. பழகிப்போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் திருப்புதல் நடக்கிறது. சூத்திரப் பட்டியல் சுவரில் ஏறுகிறது, வரையறைகளுக்கு மஞ்சள் மை பூசப்படுகிறது, போன வருடத்து வினாத்தாள்கள் கரைத்துக் குடிக்கப்படுகின்றன. பாடம் நடத்துவதற்கு முன்பே பிள்ளையின் மனதில் இருந்த தவறான நம்பிக்கையை மட்டும் யாரும் தொடுவதில்லை. அது பத்திரமாக உள்ளேயே இருந்து, சூத்திரம் கைகொடுக்காத கேள்வி வரும் நாளில் வெளியே வருகிறது.

அந்த நம்பிக்கை இதுதான்: ஒரு பொருள் நகர்கிறது என்றால், அது நகரும் திசையில் ஒரு விசை அதன்மேல் இருந்தே ஆக வேண்டும். மேலே போகும் பந்துக்கு விசைப்படம் வரையச் சொல்லிப் பாருங்கள். பாதி வகுப்பு மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடும். என்ன விசை என்று கேட்டால் ‘எறிந்த விசை’ என்பார்கள். எறிந்த கை பந்துக்குள் ஒரு விசையை வைத்து அனுப்பியது, மேலே போகப் போக அது தேய்கிறது, உச்சியில் புவியீர்ப்போடு சரிசமமாகிறது, அப்புறம் புவியீர்ப்பு ஜெயித்துப் பந்தை இழுத்து வருகிறது. இதுதான் அவர்கள் மனதில் ஓடும் கதை. கேட்க ஒழுங்காக இருக்கிறது. முழுக்கத் தவறு.

விசை என்பது ஒரு பொருள் இன்னொரு பொருளின்மேல் செலுத்துவது. கை பந்தைத் தொட்டுக்கொண்டிருந்த வரைக்கும் கையின் விசை இருந்தது. விரலை விட்டுப் பிரிந்த கணத்தோடு அது முடிந்தது. பந்து தன்னோடு எடுத்துப்போவது திசைவேகத்தை. நிறையும் திசைவேகமும் சேர்ந்த உந்தத்தையும் எடுத்துப்போகிறது என்று சொல்லலாம். விசையை எடுத்துப்போக முடியாது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் பந்தின்மேல் ஒரே ஒரு விசைதான் இருக்கிறது: புவியீர்ப்பு. ஏறும்போதும் அதுவே, உச்சியிலும் அதுவே, இறங்கும்போதும் அதுவே. அளவும் மாறுவதில்லை, திசையும் மாறுவதில்லை.

எண்களை வைத்துப் பார்ப்போம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம். கணக்கு எளிதாக இருக்க, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடி கழித்து வேகம் 10. இரண்டாவது நொடியின் முடிவில் 0. பந்து 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்றாவது நொடியின் முடிவில் கீழ்நோக்கி 10. நான்காவதில் கீழ்நோக்கி 20, பந்து கைக்கு வந்துவிட்டது. மேல்நோக்கிய திசையைக் கூட்டல் என்று எடுத்துக்கொண்டு எழுதினால் 20, 10, 0, −10, −20. ஒவ்வொரு நொடியிலும் மாற்றம் அதே −10. நடுவில் இருக்கும் அந்த 0 திசைவேகத்தின் மதிப்பு. முடுக்கம் என்பது அந்த மதிப்பு மாறும் வீதம். மதிப்பு 0 ஆக இருக்கும் கணத்திலும் அது மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னும் நம்பாதவர்களுக்கு ஒரு கேள்வி. உச்சியில் திசைவேகமும் பூஜ்ஜியம், முடுக்கமும் பூஜ்ஜியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கணம் பந்து என்ன செய்யும்? நிற்கிறது, நிற்கும் நிலையை மாற்ற எதுவும் இல்லை. அப்படியானால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். 20 மீட்டர் உயரத்தில், ஆகாயத்தில், எப்போதைக்குமாக. அப்படி நின்ற பந்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அது கீழே வருகிறது என்பதே உச்சியிலும் முடுக்கம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி.

இப்படி நினைக்கும் பிள்ளைகளை மக்கு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அசைகிற பொருளை ஏதோ ஒன்று அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னார். எறிந்தவன் பொருளுக்குள் ஓர் உந்துதலைப் பதித்து அனுப்புகிறான் என்று 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜான் பூரிடான் என்ற தத்துவ ஆசிரியர் எழுதினார். அரிஸ்டாட்டிலைத் தாண்டிய பெரிய அடி அது. நம் பிள்ளைகளில் பலர் அதற்குக் கிட்டத்தட்ட அருகில்தான் நிற்கிறார்கள். அங்கிருந்து நகர கலிலியோ தேவைப்பட்டார். ஒரு சரிவில் உருட்டிய குண்டு எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைத் தாழ்த்தினால் அந்த உயரத்தைத் தேடி இன்னும் அதிக தூரம் ஓடுகிறது. அப்படியே மட்டமாக்கிவிட்டால்? உராய்வும் இல்லையென்றால் அது நிற்பதற்குக் காரணமே இல்லை. 1687-இல் நியூட்டன் இதை முதல் விதியாக எழுதிவைத்தார். இவ்வளவு பேர் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட ஒன்றை 40 நிமிடப் பாடவேளையில் சொல்லிவிட்டு ‘புரிந்ததா?’ என்று கேட்டால் பிள்ளை தலையைத்தான் ஆட்டும்.

நம்மை ஏமாற்றுவது உராய்வு. தள்ளுவதை நிறுத்தினால் பெட்டி நின்றுவிடுகிறது. அதனால் தள்ளினால்தான் ஓடும் என்று நினைக்கிறோம். உண்மையில், தள்ளுவதை நிறுத்தியதும் உராய்வு மட்டும் மிச்சமிருந்து பெட்டியை நிறுத்துகிறது. சரி, பெட்டியை ஒரே சீரான வேகத்தில் தள்ளிக்கொண்டு போகிறோம். நம் விசை பெரியதா, உராய்வு பெரியதா? ‘நம் விசை’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இரண்டும் சமம். நம் விசை பெரியதாக இருந்தால் வேகம் கூடிக்கொண்டே போயிருக்கும். உராய்வே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வாயேஜர் 1 விண்கலம் இருக்கிறது. 1977-இல் கிளம்பியது, சூரியனைப் பொறுத்து நொடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் போகிறது. அதைப் பின்னாலிருந்து எந்த எந்திரமும் தள்ளிக்கொண்டிருக்கவில்லை.

கணக்குப் போடத் தெரிந்தால் கருத்தும் தெரியும் என்ற எண்ணத்தை ஆசிரியர்களாகிய நாமும் விட வேண்டும். 1992-இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய சக ஆசிரியர்களும் விசை பற்றிய ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. என்ன நடக்கும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்பே ஹெஸ்டனஸ் பங்கேற்று உருவாக்கிய இதே மாதிரியான ஒரு தேர்வை ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவர், ‘நீங்கள் கற்றுக்கொடுத்தபடி பதில் சொல்லவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி சொல்லவா?’ என்று கேட்டிருக்கிறார். நான் திருத்தும் தாள்களில் அந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சூத்திரத்தை எழுதினாலே பாதி மதிப்பெண் கொடுக்கும் நம் வழக்கமும் இதற்கு உரம் போடுகிறது.

மற்ற குழப்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

‘விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள்.’ பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே புவியீர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 8.7, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவு. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டில் இருக்கும் வேகத்தால் தரையில் வந்து மோதுவதில்லை. எல்லாம் சேர்ந்து விழும்போது ஒன்றை ஒன்று அழுத்தாது; அதனால் மிதக்கிறார்கள். கூடவே நிறையையும் எடையையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோகிராம் நிறை நிலாவிலும் 50 கிலோகிராம்தான். எடை இங்கே 490 நியூட்டன், அங்கே 81.

‘கனமான பொருள் வேகமாக விழும்.’ 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. இங்கே இறகு பின்தங்குவது காற்றால்.

மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையும், மேசை புத்தகத்தை மேலே தாங்கும் விசையும் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் வினை-எதிர்வினை ஜோடி என்று எழுதாதீர்கள். அவை இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன. ஜோடி எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின்மேல் இருக்கும்: பூமி புத்தகத்தை இழுக்கிறது, புத்தகம் பூமியை இழுக்கிறது.

வெப்பம் கொடுத்தால் வெப்பநிலை ஏறியே தீரும் என்பதும் தவறு. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும், உருகி முடியும்வரை வெப்பமானி அசையாது. அதே 334 ஜூல், உருகிய நீரை ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடும்.

தொடர் இணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் இருந்தால் முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடாது. இரண்டும் ஒரே அளவு எரியும். கொதிக்கும் நீரில் வரும் குமிழி நீராவி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இல்லை. இரும்புக் கம்பி நார் எரிந்தால் எடை கூடுகிறது, காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்வதால்.

இனி எப்படித் திருப்புதல் செய்வது?

முதலில் அந்த மஞ்சள் மையை மூடி வையுங்கள். ஏற்கனவே படித்ததை மறுபடி படித்தால் தெரிந்த முகம்போல இருக்கும், தெரிந்துவிட்டது என்று தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று சொந்த வார்த்தையில் ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் திறந்து ஒப்பிடுங்கள். தவறாக எழுதியதை அழிக்காதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே, எங்கே இடறியது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்தத் தாள்தான் உங்களுக்கு வேண்டிய பாடப்புத்தகம்.

விசைக் கணக்கு எதையும் படம் இல்லாமல் தொடக் கூடாது. ஓர் அம்புக்குறி போட்டால், எந்தப் பொருள் இந்த விசையைக் கொடுக்கிறது என்று அதன் பக்கத்தில் எழுதியாக வேண்டும். பெயர் எழுத முடியாத அம்புக்குறியை அடித்துவிடுங்கள். ‘எறிந்த விசை’ இந்த ஒரு விதியிலேயே ஓடிவிடும். திசைவேகத்துக்கு ஒரு நிறம், விசைக்கு வேறு நிறம். இரண்டையும் ஒரே பேனாவில் வரைந்துவிட்டுக் குழப்பமாக இருக்கிறது என்று வராதீர்கள்.

அலகு இல்லாத விடையை எழுதாதீர்கள். கால்குலேட்டர் காட்டும் எட்டு தசம இடங்களையும் இறக்கி வைக்காதீர்கள். எந்தச் சூத்திரம் போட வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், சூத்திரம் தானே வரும்.

பெற்றோர்களே, எத்தனை பாடம் முடித்தாய் என்று கேட்பதை இந்த ஒரு மாதம் மட்டும் நிறுத்திப் பாருங்கள். இன்று படித்ததில் ஒன்றை எனக்கு விளக்கு என்று சொல்லி உட்காருங்கள். உங்களுக்கு அறிவியல் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’ என்று மனதாரக் கேட்பீர்கள். பிள்ளை தடுமாறினால் திட்டாதீர்கள். தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியோடு வருகிற பிள்ளைக்காக இடைவேளையிலும் உட்கார நாங்கள் தயார்.