பிரிட்டனின் ஸ்டூவர்ட்ஷிப் கோடு: பெரிய முதலீட்டாளர்களிடம் கணக்குக் கேட்கும் விதிமுறை

பென்ஷன் ஃபண்டுகளும் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் ஃபண்ட் மேனேஜர்களும் பங்குச் சந்தையில் போடுவது பெரும்பாலும் மற்றவர்களின் பணம். வாங்கிய பங்குகளோடு வாக்குரிமையும் அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. 2008 நெருக்கடியில் பிரிட்டிஷ் வங்கிகள் தள்ளாடியபோது, இவ்வளவு பங்கு வைத்திருந்தவர்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. 2009இல் வங்கி நிர்வாகத்தைப் பற்றி டேவிட் வாக்கர் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, கணக்கு, தணிக்கைத் துறையை மேற்பார்வையிடும் எஃப்ஆர்சி எனப்படும் நிதி அறிக்கை கவுன்சில் 2010இல் 'ஸ்டூவர்ட்ஷிப் கோடு' என்ற இந்த விதித்தொகுப்பை வெளியிட்டது. ஸ்டூவர்ட்ஷிப் என்றால் மற்றவர்களின் பணத்தைப் பொறுப்போடு முதலீடு செய்து மேற்பார்வையிடுவது.

இது சட்டமா? இல்லை. விருப்பமுள்ளவர்கள் கையெழுத்திடலாம். ஆனால் நிறுவன வாடிக்கையாளர்களின் பணத்தை நிர்வகிக்கும் ஃபண்ட் மேனேஜர்கள் இதை ஏற்கிறார்களா என்று தங்கள் இணையதளத்தில் சொல்லியாக வேண்டும்; ஏற்கவில்லை என்றால் மாற்றாக என்ன முதலீட்டு உத்தி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் பதிப்பு பல்லில்லாததாகத்தான் இருந்தது. அழகான கொள்கை அறிக்கை ஒன்றை எழுதிப் போட்டால் போதும், பட்டியலில் பெயர் வந்துவிடும். 2016இல் கையெழுத்திட்டவர்களைத் தரம் பிரித்துப் பார்த்தார்கள். அப்புறம் 2018 இறுதியில் எஃப்ஆர்சியைப் பற்றி ஜான் கிங்மன் நடத்திய ஆய்வு, கொள்கையை விட்டுவிட்டுப் பலனைப் பார்க்கும்படி இதை மாற்ற முடியாவிட்டால் ஒழித்துவிடுவதைப் பற்றியே யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டது. அரசு கேட்ட ஆய்வில் இப்படி ஒரு வரி வருவது அபூர்வம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் 2020 பதிப்பு. முதலீட்டாளர்களுக்கு 12 கோட்பாடுகள். பங்குகள் மட்டுமல்லாமல் கடன் பத்திரம், ரியல் எஸ்டேட், உள்கட்டமைப்பு முதலீடுகளும் கணக்கில் வந்தன. காலநிலை, சமூகம், நிறுவன நிர்வாகம் பற்றிய அக்கறைகளும் வெளிப்படையாகச் சேர்ந்தன. ஆண்டுதோறும் என்ன செய்தோம், என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எஃப்ஆர்சி படித்துப் பார்த்துத்தான் பட்டியலில் சேர்க்கும். 2021 செப்டம்பரில் வந்த முதல் பட்டியலில், விண்ணப்பித்த 189 பேரில் 125 பேர்தான் தேறினார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? ஒரு நிறுவனத்தில் கோளாறு தெரிந்தால் முதலில் இயக்குநர் குழுவிடம் பேச்சு. நகரவில்லை என்றால் கடிதம், மற்ற முதலீட்டாளர்களோடு சேர்ந்து அழுத்தம், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எதிர்த்து வாக்கு. இன்னும் போனால் தீர்மானமே கொண்டுவரலாம். 2006 கம்பெனி சட்டப்படி, வாக்குரிமையில் 5 சதவீதம் வைத்திருப்பவர்கள் ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானத்தை வைக்கச் சொல்ல முடியும். விற்றுவிட்டு வெளியேறுவதும் ஒரு வழிதான், ஆனால் விற்றவருக்கு அதன்பின் வாக்கு கிடையாது.

ஆகவே இந்த அறிக்கைகளைப் படிக்கும்போது "ஆண்டில் இத்தனை நிறுவனங்களைச் சந்தித்தோம்" என்ற வரியைத் தாண்டிப் போங்கள். எந்தத் தீர்மானத்தை எதிர்த்தார்கள், ஏன், எப்படி வாக்களிக்கலாம் என்று ஆலோசனை விற்கும் நிறுவனம் சொன்னபடியே வாக்குப் போட்டார்களா, கேட்டும் நடக்காதபோது அடுத்து என்ன செய்தார்கள் என்று தேடுங்கள். தோற்ற கதை ஒன்றுகூட இல்லாத அறிக்கையை நான் அவ்வளவாக நம்பமாட்டேன்.

2026 ஜனவரி 1 முதல் புதிய பதிப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. எழுத்துவேலையைக் குறைத்திருக்கிறார்கள். கொள்கை விவரங்களை ஆண்டுதோறும் திரும்ப எழுதத் தேவையில்லை, செயல்களையும் பலன்களையும் மட்டும் ஆண்டுதோறும் சொன்னால் போதும். சரிதான். ஆனால் பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமூகம் மூன்றுக்கும் நிலையான நன்மை என்று ஸ்டூவர்ட்ஷிப்பின் வரையறையில் இருந்த சொற்களை எடுத்துவிட்டு, வாடிக்கையாளருக்கும் பயனாளிக்கும் நீண்டகால, நிலையான மதிப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டதுதான் இதில் பெரிய மாற்றம். பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் அறங்காவலர்களிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். கையெழுத்திட்டவர்களின் பட்டியலை எஃப்ஆர்சி தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும்.