‘வில்லிங்னஸ் டு பே’: விருப்பமா, இசைவா?

பாம்பன் கரையில் வள்ளம் வந்து நின்றதும் மீனைக் கூறு போட்டு ஏலம் விடுவார்கள். “எவ்வளவுக்குக் கேக்குற?” என்பதுதான் அங்கே பேச்சு. ஒரு கூறு விளைமீனுக்கு 700 ரூபாய் வரை போகலாம் என்று ஏலம் எடுக்க வந்த அக்கா மனதுக்குள் வைத்திருப்பார். 500-க்கே படிந்துவிட்டால் முகத்தில் காட்டாமல் கூடையில் அள்ளிக்கொள்வார். வாய்விட்டுச் சொல்லாத அந்த 700-ஐத்தான் பொருளியலில் ‘வில்லிங்னஸ் டு பே’ என்கிறார்கள்.

இந்தக் கருத்துக்கு வேர் ஒரு பாலம். பாலத்தால் மக்களுக்கு எவ்வளவு பயன் என்பதைச் சுங்க வசூலை வைத்துச் சொல்ல முடியாது, கடப்பதற்கு ஒவ்வொருவரும் அதிகபட்சம் எவ்வளவு இழக்கத் தயாரோ அதுதான் பயனின் அளவு என்று 1844-ல் எழுதினார் பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புயி. நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1988-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவிலிருந்து ரயிலிலோ படகிலோதான் வர வேண்டும். ராத்திரியில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கூட்டிவரும் குடும்பமும், தீர்த்தமாட வந்தவரும் அந்தக் கடலைக் கடக்க ஒரே தொகையா சொல்லியிருப்பார்கள்?

இதே கேள்வி தடுப்பூசியிலும் வருகிறது. ஏழை நாடுகளில் விலை வைத்தால் எத்தனை பேர் போட்டுக்கொள்வார்கள், எத்தனை பேர் ஒதுங்கிவிடுவார்கள் என்று அறிய இந்த அளவைப் பயன்படுத்துகிறார்கள். கொல்கத்தாவிலும், மொசாம்பிக்கின் பெய்ராவிலும், வியட்நாமின் ஹுவேயிலும் இப்படி ஆய்வு நடந்திருக்கிறது. காலராவுக்கும் டைபாய்டுக்கும் கேட்டார்கள். (காலராவுக்கு இப்போது தருவது வாயில் ஊற்றும் மருந்து. பெயர் மட்டும் தடுப்பூசி!) “எவ்வளவு தருவீர்கள்?” என்று மொட்டையாகக் கேட்டால் நம்பத்தக்க பதில் வராது. அதனால் “விலை இவ்வளவு, வாங்குவீர்களா மாட்டீர்களா?” என்று ஒரு வீட்டில் ஒரு விலையும் அடுத்த வீட்டில் வேறு விலையும் சொல்லிக் கேட்பது வழக்கம். அப்படியும் வாய் தாராளமாகத்தான் இருக்கும். ஹுவேயில் ஒரு பகுதியினருக்கு யோசிக்க ஓர் இரவு அவகாசம் கொடுத்தபோது, தர ஒப்பிய தொகை குறைந்துவிட்டது. வீட்டில் பேசினால் மளிகைக்கடை பாக்கி நினைவுக்கு வராமலா போகும்!

இதைத் தமிழில் ‘செலுத்தும் விருப்பம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தங்கச்சிமடத்தில் அந்தத் தொழிலை நம்பிய ஒரு வீட்டில், பிள்ளையின் டைபாய்டு ஊசிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று மே மாதம் கேட்டால் ஒரு தொகை வரும், ஆகஸ்டில் கேட்டால் வேறொன்று வரும். பிள்ளைமேல் இருக்கும் ஆசை மே மாதம் வற்றிவிடவில்லை, கைதான் சுருங்கியிருக்கிறது. ‘விருப்பம்’ என்று எழுதினால், குறைவாகச் சொன்னவருக்கு அக்கறை இல்லை என்றுதான் அறிக்கையைப் படிக்கும் அதிகாரிக்குத் தோன்றும்.

பேச்சு வழக்கில் இதற்கு நெருக்கமான சொல் ‘கட்டுப்படியாகும்’. ஆனால் விவசாயிகள் கேட்கும் ‘கட்டுப்படியான விலை’ விற்பவர் பக்கத்துச் சொல்லாகிவிட்டது. அதனால் நான் ‘இசைவு விலை’ என்பேன். இசைதல் என்றால் உடன்படுதல். பழைய வழக்கில் இயலுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. மனமும் கையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. விரித்து எழுத வேண்டுமானால் ‘கொடுக்க இசையும் உச்ச விலை’.

இந்த விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதியில் ஊசி இலவசம். ஆனாலும் சில கிராமங்களில், ஊசி போட வருபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் செய்யாத ஊர்களில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 6%. தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் 18%, முகாமோடு பருப்பும் கொடுத்த ஊர்களில் 39%. ஊசிக்குக் காசில்லை என்றாலும் போய்வர அரைநாள் கூலி போகிறதே, அதை யார் தருவது?