வைக்கோலைத் தேடும் ரேடார் தண்ணீரைத்தான் பார்க்கிறது

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எந்த ஊரில் எவ்வளவு வைக்கோல் கிடைக்கும் என்று செயற்கைக்கோளும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து வரைபடம் போட்டுத் தரும் என்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வெயிலையே காணாத எங்கள் ஊரில் இது எப்படி நடக்கும்?”

வைக்கோலுக்கு வரைபடம் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலின் மூலப்பொருளாவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். டெல்டாவுக்கு இது புதிதல்ல. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அது அரவை ஆலையிலேயே சேர்ந்து, அங்கேயே கொதிகலனில் எரிந்து, அடுத்த நெல்லை அவிக்கிறது. ஓரிடத்தில் தானாகக் குவிகிற பொருளுக்கு வரைபடம் தேவையில்லை.

வைக்கோலும் ஒரு காலத்தில் அப்படிக் களத்தில் குவிந்து போரானதுதான். இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து, வைக்கோலை வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. சம்பாவில் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெற்பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். முளைத்த உளுந்தின்மேல் வைக்கோல் கிடந்தால் முளை வெளுத்துச் சாகும். நான்கு நாள் கழித்து வைக்கோல் கட்டும் இயந்திரத்தை இறக்கினால் முளை சக்கரத்தில் நசுங்கும். குறுவையில் சிக்கல் வேறு. அறுவடை நேரத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் வைக்கோல் கறுத்துவிடும். மாடும் முகர்ந்துவிட்டு நகரும், காளான் வளர்ப்பவரும் வாங்கமாட்டார். பிறகு தீப்பெட்டிதான். எரித்தால் அதிலிருக்கும் நைட்ரஜன், டன்னுக்கு 5 முதல் 8 கிலோ, கிட்டத்தட்ட முழுவதும் காற்றோடு போகிறது.

ஆகவே வியாபாரிக்கும் வைக்கோல் கட்டும் இயந்திரக்காரருக்கும் தெரிய வேண்டியது தேதி. இந்த ஊரில் அறுவடை எந்த வாரம்? அளவைப் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு கிலோ நெல்லுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ வைக்கோல் என்பது பழகிய கணக்கு. அறுவடை இயந்திரம் வயலிலேயே விட்டுச்செல்லும் அடித்தாளைக் கழித்தால் கைக்கு வருவது இன்னும் குறையும்.

இனி மேகத்துக்கு வருவோம். சாதாரணமாகப் படமெடுக்கும் செயற்கைக்கோள் சூரிய ஒளியை நம்பியிருப்பது, மேகம் வந்தால் மேகத்தைத்தான் படமெடுக்கும். ரேடார் செயற்கைக்கோளோ தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 வரிசையில் முதலாவது 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது. உயரம் சுமார் 700 கிலோமீட்டர், அலைநீளம் சுமார் 5.5 சென்டிமீட்டர். மேகத்தின் நீர்த்துளிகள் மைக்ரான் கணக்கில் இருப்பவை. இந்த அலைக்கு அவை இருப்பதே தெரியாது. பகலா இரவா என்ற கேள்வியும் இல்லை. படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2022 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நம் இ.ஓ.எஸ்-04 செயற்கைக்கோளிலும் இதே அலைவரிசை ரேடார்தான் இருக்கிறது.

இந்த ரேடார் நேர் கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கிறது. எல்லா வேடிக்கையும் அந்தச் சாய்வில்தான் தொடங்குகிறது. நடவுக்கு முன் சேறடித்து, பரம்படித்து, தண்ணீர் கட்டி வைத்த வயலை எண்ணிப் பாருங்கள். சாய்வாக வரும் அலை அந்தச் சமமான நீரில் பட்டு, அதே சாய்வில் மறுபக்கம் தெறித்துப் போய்விடும். செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய எதுவும் திரும்பாது. படத்தில் அந்த வயல் கறுப்பு. கோடையிலேயே பம்புசெட் தண்ணீரில் குறுவை நடுகிற கும்பகோணம், பாபநாசம் பக்கம் முதல் கறுப்புத் திட்டுகள் தெரியும். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வாய்க்கால்களில் தண்ணீர் இறங்க இறங்கக் கறுப்பு கிழக்கே பரவும்.

நட்டுச் சில வாரங்களில் அதே வயல் வெளுக்கத் தொடங்குகிறது. தண்ணீர் கிடையாக, தண்டு நெட்டாக, இரண்டுக்கும் இடையே செங்கோணம். கேரம் பலகையின் மூலையில் காயைச் சாய்வாக அடித்தால் இரண்டு விளிம்பிலும் பட்டு, வந்த திசைக்கு இணையாகத் திரும்புமே, அதுதான் இங்கே நடக்கிறது. முன்பு எங்கோ தெறித்துப்போன அலை, ஒரு நாற்றுத் தண்டு குறுக்கே நின்றதும் அனுப்பியவரிடமே வந்து சேர்கிறது.

தூர்கட்டி இலை அடர்ந்ததும் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. சென்டினல் அனுப்பும் அலை செங்குத்தாக அதிர்வது. இலைக்கும் தண்டுக்கும் இடையில் பலமுறை மோதி வெளியே வரும்போது, அதில் சிறு பகுதி அதிர்வு திரும்பிக் கிடைமட்டமாகிவிடுகிறது. வெறும் தண்ணீரோ சமமான மண்ணோ இதை அவ்வளவாகச் செய்வதில்லை. அதிர்வு புரண்டு வரும் பங்கு கூடினால், அங்கே பயிர் அடர்கிறது என்று பொருள். பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை இந்த அளவைக் குறித்துக்கொண்டே போனால் ஒரு கோடு கிடைக்கும்: ஆழமான ஒரு பள்ளம், அங்கிருந்து செங்குத்தான ஏற்றம், கதிர் வரும் காலத்தையொட்டி ஒரு மேடு, முற்றிக் காயும்போது தளர்ச்சி. இறால் குளம் பள்ளத்திலேயே கிடக்கும். தென்னந்தோப்பு ஆண்டு முழுவதும் மேட்டிலேயே இருக்கும். பள்ளத்தையும் மேட்டையும் கடந்துபோகும் கோடு நெல்லுடையது.

பள்ளம் நடவின் தேதி. வைக்கோலைக் காணப் புறப்பட்டவர்கள் உண்மையில் தண்ணீர் நின்ற நாளைத்தான் காண்கிறார்கள், மூன்று நான்கு மாதம் முன்கூட்டியே. இந்தச் சுற்றுவழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

காற்று மட்டும் அவ்வப்போது விளையாடும். நீர்ப்பரப்பில் சில சென்டிமீட்டர் அளவுக்குச் சிற்றலை எழுந்தால், அது ரேடாரின் அலைநீளத்தோடு ஒத்துப்போய்ச் சமிக்ஞையைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் நிற்கிற வயல் தண்ணீர் இல்லாததுபோல் தோன்றும். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்பதற்கு இது போதும்.

செயற்கை நுண்ணறிவின் வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது, சொல்லப்போனால் அது அடக்கமான வேலை. நேரில் போய்ப் பார்த்துக் குறித்த சில நூறு வயல்களின் கோடுகளை அதனிடம் கொடுக்கிறோம். அது ஆம், இல்லை என்று கேள்வி கேள்வியாகக் கிளைத்து ஒரு முடிவுக்கு வரும் சிறு “முடிவு மரங்களை” நூற்றுக்கணக்கில் உருவாக்கிக்கொண்டு, புதிய கோடு ஒன்று வந்தால் ஒவ்வொரு மரத்திடமும் வாக்குக் கேட்கிறது. பெரும்பான்மை “நெல்” என்றால் நெல். நடவுத் தேதியிலிருந்து அறுவடைத் தேதிக்குப் போக ரகம் தெரிய வேண்டும். குறுவையின் ஆடுதுறை 43 சுமார் 110 நாள், சம்பாவின் சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கும் மேல். கோட்டின் மேடு எவ்வளவு தள்ளி வருகிறது என்பதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். எந்த ஊருக்கு எந்த விதை போனது என்ற விற்பனைக் கணக்கைச் சேர்த்தால் இன்னும் நெருங்கலாம்.

“என் வயலுக்குச் சொல்லுமா?” என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,350 சதுர மீட்டர். சென்டினல்-1 உண்மையாகப் பிரித்தறியும் கட்டம் ஏறத்தாழ 20 மீட்டருக்கு 20 மீட்டர். ஆக ஒரு மாவுக்கு மூன்று கட்டம், அதிலும் ரேடார் படத்துக்கே உரிய புள்ளி இரைச்சல், அதாவது மணல் தூவியதுபோன்ற கரும்புள்ளி, வெண்புள்ளிகள். ஒரு மாவுக்குச் சொல்ல முடியாது. ஊருக்குச் சொல்லலாம், கட்டும் இயந்திரத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்ய அது போதும். ஆனால் கடைமடையில் கோடே வேறு. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் தண்ணீரை எதிர்பாராமல் புழுதியில் விதைத்துவிடுகிறார்கள். நடவுப் பள்ளமே அங்கு இல்லை. மழையில் பயிர் மூழ்கினால் நடுவில் ஒரு போலிப் பள்ளம் வேறு வந்துவிடும். தஞ்சாவூர் வயல்களில் மட்டும் பயின்ற நுண்ணறிவு நாகப்பட்டினத்தில் தடுமாறுவது இதனால்தான். பிழை எவ்வளவு என்று சொல்லாத வரைபடத்தைத் திரையில் காட்டி “ஏஐ சொல்லிவிட்டது” என்பவருக்கும் சோழி உருட்டிச் சொல்பவருக்கும் நான் பெரிய வேறுபாடு காண்பதில்லை.

இன்னொரு மனக்குறையும் உண்டு. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் இருக்கிறது. லாரி கேரளாவுக்குக் கிளம்பினால் அதுவும் கிளம்புகிறது. வைக்கோல் போகும் வழியை வரைகிறவர்கள், சாணமாகவோ காளான் படுக்கையின் மிச்சமாகவோ எவ்வளவு இந்த மண்ணுக்குத் திரும்புகிறது என்பதையும் வரைந்தால்தான் சுழற்சி என்ற பெயர் பொருந்தும். அதுவரை அது வெறும் சரக்குப் போக்குவரத்து.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ரேடாரால் நெற்பரப்பை வரைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அடிப்படை அறிவியல் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை பணம் செயலிக்கும் தொடக்க விழாவுக்கும் எளிதாகக் கிடைக்கிறது, கைப்பேசியோடு வரப்பில் நடந்து தேதி குறிக்கும் மாணவருக்குப் பயணப்படி கேட்டால்தான் கோப்பு நகர்வதில்லை. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கி 2025 ஜூலையில் ஏவிய நிசார் செயற்கைக்கோளில் 24 சென்டிமீட்டர் அலைநீள ரேடாரும் இருக்கிறது. நீண்ட அலை என்பதால் பயிரை இன்னும் ஆழமாக ஊடுருவி மண்ணின் ஈரத்தைத் தொடும். அறுவடைக்கு முன் வடித்த வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்குமா, பெல்ட் வண்டிதான் வேண்டுமா என்பதை அதைக் கொண்டு ஊர்வாரியாக முன்கூட்டியே சொல்லிப் பார்க்கலாம். ஆனால் இந்தக் களிமண்ணில் எந்த ஈரத்தில் எந்த வண்டி புதைகிறது என்று ஒரு சம்பா முழுவதும் அளந்து கொடுக்க ஆள் வேண்டும்.